சங்கிலியை எங்கே கட்டினீர்கள்?

போன வாரம், மேய்ச்சல் காட்டில் இரும்பு முள் பாயைச் சங்கிலியில் கட்டி இழுக்கப் போய்க் கவிழ்ந்த இன்னொரு மினி டிராக்டர் லாரியில் ஏறி எங்கள் பட்டறைக்கு வந்தது. ஸ்டியரிங் அப்பளமாக நசுங்கியிருந்தது, சீட்டு மடங்கியிருந்தது, பின் மட்கார்டு இரண்டும் விரிந்து கிடந்தன. ஓட்டியவர் தோள்பட்டை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். வண்டி மல்லாந்தபோது அவர் பக்கவாட்டில் தெறித்து விழுந்ததால் பிழைத்தார். கூட வந்த மச்சான் கேட்ட முதல் கேள்வி, "எப்பங்க ரெடியாகும்?" நான் கேட்டது, "சங்கிலியை எங்கே கட்டினீங்க?" அவர் கை நீட்டிய இடம், சீட்டுக்குப் பின்னால் உயரத்தில் இருக்கும் டாப் லிங்க் பிராக்கெட்.

ஒரு வருஷத்தில் இது மூன்றாவது வண்டி. மூன்றும் சின்ன டிராக்டர், மூன்றிலும் கட்டிய இடம் அதேதான். இனி பொறுமையாக ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல என்னால் முடியாது. எழுதிவிடுகிறேன்.

காங்கேயம் பக்கம் கொறங்காடு வைத்திருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: கிளுவை வேலி போட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக மாட்டுக்கும் ஆட்டுக்கும் விட்டுவைக்கும் மேய்ச்சல் நிலம். அங்கே காய்ந்து கிடக்கும் சாணியை உடைத்துப் பரப்ப, எறும்புப் புற்றை மட்டமாக்க, மழைக்கு முன் மேல்மண்ணை லேசாகக் கீறிவிட என்று சில வருஷமாகச் சிலர் 'செயின் ஹாரோ' கேட்டு வருகிறார்கள். போனில் வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். முள் வைத்த இரும்பு வளையங்களைப் பாய் மாதிரி கோத்த ஒரு சாமான். எங்கள் பட்டறையில் அதற்குச் சங்கிலிப் பரம்பு என்று பெயர் வைத்துவிட்டோம். நானும் செய்து கொடுத்திருக்கிறேன். ஆரம்பத்தில் பாயை மட்டும் சுருட்டிக் கொடுத்து அனுப்பினேன். அது என் தப்பு. இப்போது முன்பட்டையும் இழுவைச் சங்கிலியும் இல்லாமல் கொடுப்பதில்லை.

சரி, எல்லாரும் சொல்லும் அந்த வசனத்துக்கு வருவோம். "மேலே கட்டினா பின் சக்கரத்துல வெயிட் விழுமுங்க, நல்லா பிடிச்சு இழுக்கும்."

விழும். யார் இல்லை என்றது? ஆனால் அந்த வெயிட் எங்கிருந்து வருகிறது? முன் சக்கரத்திலிருந்து. வானத்திலிருந்து வருவதில்லை. பின்னால் நூறு கிலோ கூடினால் முன்னால் நூறு கிலோ குறைந்திருக்கிறது. 750 கிலோ வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் சக்கரங்களில் நிற்பது சுமார் 300 கிலோ. முன்னுக்கும் பின்னுக்கும் ஒன்றரை மீட்டர் இடைவெளி. முழங்காலுக்குக் கீழே, தரையிலிருந்து 35 சென்டிமீட்டரில், வண்டியின் பின்னால் தாழ்வாக நீட்டிக்கொண்டிருக்கும் இழுவைக் கம்பியான டிராபாரில் கட்டி இழுத்தால், முன் சக்கரம் தரையை விட்டு எழ 1,250 கிலோவுக்கு மேல் இழுவை வேண்டும். அந்த வண்டியின் டயருக்கு அவ்வளவு பிடி கிடையாது. அதற்கு முன்பே டயர் வழுக்கிச் சுழன்றுவிடும். குழி பறிக்கும், புழுதி கிளம்பும், நீங்கள் திட்டுவீர்கள், அவ்வளவுதான். அதே சங்கிலியை 80 சென்டிமீட்டர் உயரத்தில், டாப் லிங்க் பிராக்கெட்டில் கட்டுங்கள். இப்போது 560 கிலோ போதும். நல்ல காய்ந்த மண்ணில் அந்தப் பிடி டயருக்குக் கிடைத்துவிடும். டயர் சுழலாது. மூக்குதான் எழும்பும்.

இன்னொன்றும் இருக்கிறது. டிராபாரில் கட்டியிருந்தால், மூக்கு எழும்ப எழும்ப டிராபார் நுனி தரையை நோக்கி இறங்கும், தூக்கும் வேகமும் தணியும். மேலே கட்டினால் அந்தத் தணிப்பு கிடைக்காது. நீங்கள் மெச்சிக்கொள்கிற அந்த 'நல்ல பிடி', வண்டி கவிழ்வதற்கு முந்தைய நிலை. அதைப் பிடி என்று சொல்லாதீர்கள்.

"பாய் எடை எழுபது எண்பது கிலோதானே, அது எங்கே 560 கிலோ இழுக்கும்?" என்று அடுத்த கேள்வி வரும். பாய் இழுக்காது. மண்ணுக்குள் இருக்கும் வெள்வேல வேர்க்கட்டை இழுக்கும். போன வாரம் வந்த வண்டியும் அப்படித்தான். அரை ஏக்கர் ஒரு சிக்கலும் இல்லாமல் ஓடியிருக்கிறது. வெட்டி மூன்று வருஷமான ஒரு கட்டையில் பாயின் ஓரம் மாட்டியது. மாட்டியதும் ஓட்டியவர் ஆக்ஸிலேட்டரைக் கூட்டியிருக்கிறார். நம் ஊரில் எது மாட்டினாலும் முதலில் செய்வது அதைத்தானே.

"மூக்கு தூக்குனா கிளட்ச்சை மிதிச்சுக்குவேன்" என்கிறவர்களுக்கு: மூக்கு எழ ஆரம்பித்து, இனி திரும்பாது என்ற நிலைக்குப் போக முக்கால் விநாடி. முழுதாக மல்லாக்க ஒன்றரை விநாடி. உங்கள் மூளை விஷயத்தைப் புரிந்துகொண்டு கால் கிளட்ச்சுக்குப் போவதற்குள் முக்கால் விநாடி முடிந்திருக்கும். வெயிலுக்குப் போட்ட தகரக் கூரையும் காப்பாற்றாது. ஸ்வீடனில் 1959லேயே புது டிராக்டர்களுக்குக் கவிழ்ந்தால் தாங்கும் இரும்புச் சட்டம் கட்டாயம் என்று ஆக்கிவிட்டார்கள். நம் பக்கம் பட்டறைக்கு வரும் மினி டிராக்டர்களில் அந்த இரும்புச் சட்டத்தை நான் பார்ப்பது அபூர்வம். உங்கள் வண்டியில் இருந்தால் சீட் பெல்ட்டையும் போடுங்கள். இரும்புச் சட்டம் இல்லாத வண்டியில் பெல்ட் மட்டும் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இனி எப்படிக் கட்டுவது என்று பார்ப்போம். முதலில் டிராபார், அதில் செருகும் இரும்பு முளையான 'பின்', அது கழன்று விழாமல் மாட்டும் லிஞ்ச் பின். பாயின் முன்னால் முழு அகலத்துக்கும் ஒரு இரும்புப் பட்டை. சின்ன வண்டிக்கு நாலடி, மிஞ்சினால் ஐந்தடி. பட்டையின் இரு முனையிலிருந்தும் இரண்டு சங்கிலி புறப்பட்டு டிராபாரில் ஒரே இடத்தில் சேர வேண்டும். ஒவ்வொரு சங்கிலியும் பட்டையின் அகலத்துக்குக் குறையாத நீளம் இருக்கட்டும். சங்கிலி மிச்சம் பிடிக்கிறேன் என்று குட்டையாகக் கட்டினால் இரண்டும் அகட்டி நிற்கும். நான் சொன்ன நீளத்தில் ஒவ்வொரு சங்கிலியும் மொத்த இழுவையில் பாதிக்குச் சற்று மேல் தாங்கும். மிகவும் அகட்டிவிட்டால் ஒவ்வொன்றும் முழு இழுவையையும் தனித்தனியே தாங்க வேண்டி வரும்.

மாட்டுச் சங்கிலி, கிணற்றுச் சங்கிலி எதுவும் வேண்டாம். கிரேடு 80 முத்திரை உள்ள 8 மில்லிமீட்டர் சங்கிலி 2 டன் வேலைப்பளு தாங்கும், அது போதும். அறுந்த கண்ணியை போல்ட் போட்டு இணைக்காதீர்கள். கம்பியை வளைத்த கொக்கிக்குப் பதில், குறுக்கே முளை போட்டுப் பூட்டும் U வடிவ வளையமான ஷேக்கிள் போடுங்கள். நைலான் கயிறு கூடவே கூடாது. அது ரப்பர் மாதிரி நீளும், அறுந்தால் நேராக ஓட்டுகிறவர் முதுகுக்கு வரும்.

பின்னால் சாமானைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் கைகள் இரண்டுக்கும் நடுவே குறுக்குப் பட்டை போட்டு இழுக்கலாமா என்றால், இழுக்கலாம், தாழ்வாக வைத்து. இழுக்கும்போது லீவரைத் தொட்டுக் கையைத் தூக்கினால் மறுபடியும் அதே மேல்கட்டுதான். தூக்குவேன் என்று உங்கள் மீதே சந்தேகம் இருந்தால் டிராபாரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ரிவர்ஸ் எடுக்கக் கூடாது. பாய் டயருக்கு அடியில் போகும், டயர் பட்டன் முள்ளைக் கவ்வும், பாய் டயரோடு சுற்றி மேலே ஏறி உங்கள் மடிக்கு வரும். திரும்பும்போது அகலமாக வட்டம் போடுங்கள், இல்லையென்றால் இழுவைச் சங்கிலி டயரில் ஏறும். மூலையில் கொஞ்சம் விட்டுப்போனால் போகட்டும். வேகம், வேகமாக நடக்கிற ஆள் கூட வரும் அளவு. மாட்டிக்கொண்டால் கிளட்ச், நியூட்ரல், பிரேக், எஞ்சின் ஆஃப், அப்புறம் இறங்கிக் கழற்றுங்கள். முன்னால் ஒரு உதை உதைத்துப் பார்க்கிற வேலை வேண்டாம்.

அப்புறம், எனக்கு ரத்தம் கொதிக்கிற ஒரு காட்சி. மாடு பூட்டிப் பரம்பு அடித்த காலத்தில் வெயிட்டுக்குப் பலகை மேல் ஆள் ஏறி நிற்பார். நானும் சின்ன வயசில் ஐயனோடு நின்றிருக்கிறேன், ஊஞ்சல் மாதிரி இருக்கும். மாடு வேறு, டிராக்டர் வேறு. சங்கிலிப் பரம்பின் முன்பட்டையில் பையனை ஏற்றி நிறுத்தி ஒருவர் ஓட்டியதைப் பார்த்து வண்டியை மறித்துச் சண்டை போட்டேன். கால் தவறினால் அவன் விழுவது முள் பாய்க்கு முன்னால். வெயிட் போதவில்லையா, பாயின் கடைசியில் ஒரு பழைய லாரி டயரைக் கட்டுங்கள். மட்கார்டிலும் யாரையும் உட்கார வைக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

சாணி விஷயத்தில் நான் பேசக்கூடாது, ஆனால் எங்கள் கால்நடை டாக்டர் சொன்னதைச் சொல்கிறேன். நல்ல வெயில் காலத்தில் பரப்பினால் புழு முட்டையும் குஞ்சும் காய்ந்து சாகும். ஈரத்தில் பரப்பினால் காடு முழுக்க நீங்களே விதைத்த மாதிரி. பரப்பிய பின் இரண்டு மூன்று வாரம் அந்தப் பட்டியில் ஆடு மாடு விடாமல் இருப்பது நல்லது. சாணியை எருவுக்கு அள்ளிவிடுகிறவர்களுக்கு இந்தச் சாமானே தேவையில்லை. வியாபாரம் போனாலும் பரவாயில்லை என்றுதான் சொல்கிறேன்.

ஓட்டுவதற்கு முன் ஒரு நாள் காட்டை நடந்து பாருங்கள். கட்டை, கல், பழைய வேலிக்கம்பி எங்கே தட்டுப்பட்டாலும் ஒரு குச்சி நட்டுத் துணி கட்டி வையுங்கள். பரம்பு வாங்க வருகிறவர்கள் இனி டிராக்டரையும் ஓட்டிக்கொண்டு வாருங்கள். டிராபாரும் பின்னும் இல்லாத வண்டிக்குப் பாய் கொடுப்பதாக இல்லை. பின் இல்லையென்றால் லேத்தில் அரை மணி நேரத்தில் கடைந்து தருகிறேன், அதற்குக் காசு வேண்டாம்.