அத்தியாவசியம், இன்றியமையாதது: விடுபட்டுப்போன ஒரு ‘க்கு’

2020 மார்ச் 20ஆம் திகதி பின்னேரம் ஆறு மணிக்கு நாடு முழுக்க ஊரடங்கு போட்டார்கள். மாதக் கடைசியில் மற்ற மாவட்டங்களில் இடைக்கிடை தளர்த்தியபோதும், கொழும்பு, கம்பஹா, களுத்துறை, புத்தளம், கண்டியோடு சேர்த்து யாழ்ப்பாணமும் மறு அறிவித்தல் வரை மூடிக்கிடந்தது. அந்த நாட்களில் கொரோனா என்ற சொல்லைவிட என் காதில் அதிகம் விழுந்தது ‘அத்தியாவசியம்’ என்ற சொல்தான். ஒலிபெருக்கியில் அது, செய்தியில் அது, சந்தியில் மறிக்கிற பொலிஸ்காரர் கேட்பதும் அது. பாஸ் எடுக்கப் போனாலும் முதற்கேள்வி, உங்கள் வேலை அத்தியாவசியமா என்பதுதான்.

எங்கள் வளவில் பனை சீவ வருகிற ஒருவர் இருக்கிறார். காலையும் மாலையும் ஏறுவார். பாளையை ஒரு நாள் சீவாமல் விட்டால் கள்ளுக் குறையும், தொடர்ந்து விட்டால் பாளை காய்ந்து அந்தப் பருவமே போய்விடும். அது பங்குனி மாதம், கள்ளு நன்றாகச் சுரக்கிற நேரம். கள்ளு விற்கிற தவறணை பூட்டு, பொலிஸ் பயம், இருந்தும் மனிதர் ஒழுங்கைக்குள்ளால் சுற்றி வந்து ஏறுவார், பாளையைச் சீவுவார், முட்டியோடு இறங்கி நிரம்பிய கள்ளை மரத்தடியிலேயே ஊற்றிவிட்டுப் போவார். விற்க வழியில்லை, ஆனால் பாளையைச் சாகவிடவும் முடியாது. பக்கத்து வீட்டு ரீச்சர், வயது எழுபது தாண்டியவர், பிரஷரும் சீனியும் உள்ளவர், வேலிக்கு அங்காலே நின்று அவரை மறித்துக் கேட்டார், இப்ப இது என்ன அத்தியாவசியமோ என்று. அவர் கோபப்படவில்லை. “கொரோனாவுக்குப் பதினாலு நாள் கணக்கு ரீச்சர், பாளைக்கு ஒரு நாள்தான் கணக்கு” என்றார். ரீச்சரின் பயமும் பொய்யில்லை, இவருடைய கணக்கும் பொய்யில்லை. இரண்டு பேரும் ஒரே சொல்லை வைத்துத்தான் கதைத்தார்கள். அன்றைக்குத்தான் அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அத்தியாவசியம் வடமொழிச் சொல். அதி என்றால் மிக, அதோடு ஆவச்யகம் சேர்ந்தது. அதன் உள்ளே இருப்பது அவசியம், அதைப் பிரித்தால் அ + வசியம். வசம், வசியம் எல்லாம் நாங்கள் நாளாந்தம் புழங்குகிற சொற்கள், கையில் வசமாக மாட்டினான் என்கிறோம், வசியம் செய்துவிட்டார்கள் என்கிறோம். ஆக அவசியம் என்றால் நம் வசத்தில் இல்லாதது, நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாதது, தப்ப முடியாதது. பாளை சீவுகிற நேரத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது.

ஆனால் அரச அறிவித்தலில் வருகிற அத்தியாவசியம் இந்தப் பழைய பொருளில் வருவதில்லை. அது ‘எசென்ஷியல்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இட்ட பெயர். அந்தச் சொல்லின் வேர் லத்தீனில் ‘எஸ்ஸே’, இருத்தல். ஒரு பொருளை அந்தப் பொருளாக வைத்திருக்கிற உள்ளியல்பு, சாரம் என்பதுதான் முதற்பொருள். கேக்குக்கு இரண்டு துளி விடுகிறோமே வனிலா எசன்ஸ், அதுவும் இதே வேரில் பிறந்ததுதான். பிறகுதான் ‘இல்லாமல் முடியாதது’ என்ற பொருள் வலுத்தது. இலங்கையில் அது சட்டச் சொல்லாகவும் ஆனது. 1979ஆம் ஆண்டின் 61ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரே அத்தியாவசிய பொதுச் சேவைகள் சட்டம்தான். ஒரு சேவையை அத்தியாவசியம் என்று வர்த்தமானியில் போட்டுவிட்டால் அதில் வேலை செய்கிறவர் வேலைக்கு வராமல் இருப்பது குற்றமாகிவிடும். அதாவது, அதிகாரம் உள்ளவர் பெயர் சூட்டினால் அத்தியாவசியம், சூட்டாவிட்டால் இல்லை.

யாழ்ப்பாணத்தாருக்கு இந்தச் சொல் கொரோனாவோடு வந்ததும் இல்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது மண்ணெண்ணெய் இல்லை, பற்றரி இல்லை, சீமெந்து இல்லை. ஜாம் போத்தலில் திரி போட்டுச் சிக்கன விளக்கில் படித்த தலைமுறை இன்றும் இங்கே இருக்கிறது. 2006 ஒகஸ்டில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 பாதையை முகமாலையில் பூட்டியபோது அத்தியாவசியப் பொருட்கள் கப்பலில் வரும் என்று சொல்வார்கள், நாங்கள் பங்கீட்டு அட்டையோடு கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் நிற்போம். எது வரும், எவ்வளவு வரும் என்பதை எங்கேயோ யாரோ தீர்மானித்தார்கள். அதனால்தான் 2020இல் ஒலிபெருக்கியில் அந்தச் சொல் கேட்டவுடன் அம்மா ஒன்றும் பேசாமல் எழும்பிப் போய் அரிசி வாளியைத் திறந்து பார்த்தார்.

சரி, தமிழில் இதற்கு என்ன சொல்? இன்றியமையாதது. தமிழ்நாட்டுச் சட்டத் தமிழில் இன்றியமையாப் பண்டங்கள் என்று வழங்குகிறது. நம்மிடம் பள்ளிக்கூடக் கட்டுரையில் மட்டும் ‘நீர் மனிதனுக்கு இன்றியமையாதது’ என்று எழுதிவிட்டு, பிறகு மறந்துவிடுகிறோம். சொல்லின் கட்டுமானத்தைக் கொஞ்சம் பாருங்கள். இன்றி என்றால் இல்லாமல். அமைதல் என்றால் உண்டாதல், பொருந்துதல், நிறைதல். ஆக, ஒன்று இல்லாமல் இன்னொன்று அமையாது. கவனியுங்கள், இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருட்கள் வேண்டும். எது இல்லாமல், எது அமையாது என்று இரண்டையும் சொன்னால்தான் வசனம் முடியும்.

திருக்குறளின் 20ஆவது குறள் இப்படித்தான் நிற்கிறது:

நீர்இன்று அமையாது உலகெனின் யார்யார்க்கும்
வான்இன்று அமையாது ஒழுக்கு.

இங்கே ‘இன்று’ என்பது இன்றைக்கு என்ற பொருளில் இல்லை, இன்றி என்பதுதான் அப்படி வந்திருக்கிறது. நீர் இன்றி உலகு அமையாது, வான் இன்றி ஒழுக்கு அமையாது. நடுவில் ‘யார்யார்க்கும்’ என்று ஒரு சொல். எல்லாருக்கும் பொதுவானது என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார். 682ஆம் குறளில் அன்பு, அறிவு, ஆராய்ந்த சொல்வன்மை மூன்றும் ‘தூதுரைப்பார்க்கு இன்றியமையாத மூன்று’ என்கிறார். தூதுரைப்பார்க்கு! யாருக்கு என்பது பக்கத்திலேயே நிற்கிறது. நற்றிணை முதற்பாட்டில் தலைவி, நீர் இன்றி அமையாத உலகம் போல அவர் இன்றி அமையாத நாம் என்கிறாள், அங்கே அது ஒரே ஒரு மனிதருக்காக. இந்த ‘க்கு’தான் அத்தியாவசியத்தில் தொலைந்தது. ‘அத்தியாவசிய சேவை’ என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிடலாம், யாருக்கு என்று எவரும் கேட்கமாட்டார்கள்.

பெருந்தொற்றுக் காலத்து வாக்குவாதங்களில் பலவற்றை இந்த ‘க்கு’வை வைத்துத் திருப்பிப் படித்தேன். 2021 செப்ரெம்பர் 17, தனிமைப்படுத்தல் ஊரடங்கு நடந்துகொண்டிருக்கும்போதே மதுக்கடைகள் திறந்தன, சனம் வரிசையில் நின்றது. கோயிலுக்குக் கட்டுப்பாடு, இதற்குத் திறப்பா என்று இங்கே பலர் கொதித்தார்கள். நல்லூர்த் திருவிழாவை மட்டுப்படுத்தியபோது வீதியில் நின்று கும்பிட முடியாமல் அழுத கிழவிகளை எனக்குத் தெரியும். அவர்களுக்கு அந்த இருபத்தைந்து நாளும் ஆண்டின் மிச்ச நாட்களைத் தாங்குகிற தூண். வைத்தியசாலையில் ஒக்சிசன் கட்டிலைப் பார்த்து நிற்கிற தாதிக்கு, கூட்டம் சேராமல் இருப்பதே எல்லாவற்றுக்கும் முன்னது. இதில் யார் பக்கம் என்று கேட்டால், அந்த மாதங்களில் நான் தாதியின் பக்கம்தான். ஆனால் கிழவிகளுடையதை ‘அத்தியாவசியமில்லை’ என்று ஒரு சொல்லில் தள்ளிவிட்டதை ஏற்க மாட்டேன்.

எல்லாவற்றிலும் கொடியது அடக்கம் பற்றிய விவகாரம். 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானியோடு கொவிட்டில் இறந்தவர்களை எரிப்பது கட்டாயமானது. புதைக்கலாம் என்று உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டலில் இருந்தும் இங்கே விடவில்லை. முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜனாஸா நல்லடக்கம் இன்றி இறப்பு ஓர் இறப்பாகவே அமையாது. 2021 பெப்ரவரிக் கடைசியில்தான் அது மாறியது, மார்ச்சில் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது, 2024 யூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. இங்கே நோய்த்தடுப்பா சடங்கா என்ற போட்டியே உண்மையில் இருக்கவில்லை. யாருக்கு என்று கேட்காமல் எழுதிய ஒரு கட்டளை இருந்தது.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம். ‘இன்றி அமையாத’ என்று இப்போது பிரித்து எழுதத் தேவையில்லை, இன்றியமையாத என்று சேர்த்தே எழுதலாம். ‘இன்றியமையா’ என்று ஈறு கெட்டு வந்தால் அடுத்து வல்லினம் மிகும்: இன்றியமையாப் பொருள், இன்றியமையாத் தேவை. பன்மைக்கு இன்றியமையாதவை. அவசரம் வேறு, அதைக் கலக்காதீர்கள். அவசரம் நேரத்தைப் பற்றியது, ரீச்சரின் பிரஷர் மாத்திரை முடிந்த இரவு போல. அப்புறம் முன்னுரிமை, அது வரிசையைப் பற்றியது. 2021 மே கடைசியில் யாழ்ப்பாணத்துக்கு முதலில் 50,000 சினோபாம் தடுப்பூசி வந்தபோது வேண்டியிருந்த சொல் அது, ஏனென்றால் தேவை எல்லாருக்கும் இருந்தது, மருந்துதான் போதவில்லை.

பேச்சில் அத்தியாவசியம் இருந்துவிட்டுப் போகட்டும், நானும் சொல்கிறேன். அறிவித்தல் எழுதுகிற மேசையில் இருப்பவர்களிடம்தான் கேட்கிறேன்: ‘இன்றியமையாத’ என்று எழுதி, அதற்கு முன்னால் யாருக்கு என்று போடுங்கள். நோயாளிக்கு, பால் குடிக்கிற பிள்ளைக்கு, நாட்கூலிக்கு, பனை ஏறுகிறவருக்கு. பட்டியல் நீளமாகத்தான் வரும்.