கப்புட்: ஒரு போர் நாவலின் தலைப்பு

இயந்திரம் ஏதாவது நின்றுபோனால் 'கப்புட்' என்று ஆங்கிலம் பேசுகிறவர்கள் சாதாரணமாகச் சொல்வார்கள். 1944இல் இத்தாலிய எழுத்தாளர் குர்சியோ மலபார்த்தே இந்த ஜெர்மன் சொல்லைத் தன் நாவலுக்குப் பெயராக வைத்தார். அப்போது உடைந்து கிடந்தது ஐரோப்பா.

சொல் பிறந்த இடம் சீட்டாட்டம். 'பிக்கே' என்ற பிரெஞ்சு ஆட்டத்தில் ஒரு பிடிகூட எடுக்காமல் தோற்றவரை 'கபோ' என்பார்கள். 17ஆம் நூற்றாண்டில் அது ஜெர்மனுக்குப் போய், தோற்றவர், செத்தவர், உடைந்த பொருள் என எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிட்டது. எபிரேயத்தில் பாவம் நீக்கும் சடங்கைக் குறிக்கும் 'கப்பாரோத்' என்ற சொல்லோடு இதை இணைத்தவர்களும் உண்டு. மொழியியலாளர்கள் பொதுவாக ஏற்பது பிரெஞ்சு மூலத்தைத்தான்.

மலபார்த்தே என்பதும் அவராக வைத்துக்கொண்ட பெயர். 1898இல் பிராத்தோ நகரில் ஜெர்மன் தந்தைக்குப் பிறந்தவர். இயற்பெயர் குர்ட் எரிக் சுக்கெர்ட். 'நல்ல பக்கம்' என்று பொருள்படும், நெப்போலியனின் குடும்பப் பெயரான போனபார்ட்டைப் புரட்டிக் 'கெட்ட பக்கம்' ஆக்கிக்கொண்டார். முதலில் பாசிசக் கட்சியில் இருந்தார். அப்புறம் அதே ஆட்சி 1933இல் அவரைக் கைது செய்து லிபாரி தீவுக்கு அனுப்பியது. இரண்டாம் உலகப் போரில் 'கொரியேரே தெல்லா செரா' என்ற இத்தாலிய நாளிதழின் நிருபராகக் கிழக்குப் போர்முனைக்குப் போனார். அங்கே பார்த்ததும் கேட்டதும் கற்பனை செய்ததும் நாவலில் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. லடோகா ஏரிப் பனியில் உறைந்து நிற்கும் குதிரைத் தலைகளை அவர் கண்ணால் பார்த்தாரா என்ற கேள்வி இன்றும் ஓயவில்லை. ஆக்கிரமிக்கப்பட்ட போலந்தை ஆண்ட நாஜி ஆளுநர் ஹான்ஸ் ஃபிராங்கின் விருந்து மேசையில் தன்னையே உட்காரவைத்து எழுதுகிறார். கொலைகாரர்களோடு சாப்பிட்டவர் என்ற குற்றச்சாட்டு நியாயமானது. ஆனால் அந்த மேசையை உள்ளிருந்து காட்டியதால்தான் நாவலுக்கு அவ்வளவு வலு என்பேன். 1949இல் வந்த அவருடைய 'லா பெல்லே' (தோல்) நாவலைக் கத்தோலிக்கத் திருச்சபை மறுவருடமே தடைப்பட்டியலில் சேர்த்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? இயந்திரத்துக்குப் 'பழுது' போதும். நாவலுக்கு அது பற்றாது, பழுதைச் சரிசெய்யலாம். 'சிதைவு' இன்னும் நடந்துகொண்டிருப்பதாகவும் ஒலிக்கும். கப்புட்டில் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குப் 'பாழ்' என்பதே சரியான சொல். 'பாழாய்ப் போச்சு' என்று வீட்டிலும் சொல்கிறோம்; போருக்கும் அது பழைய சொல்தான். பகைவரின் கோட்டையைக் கழுதை பூட்டி உழுத பாண்டியன் முதுகுடுமியை நெட்டிமையார் புறநானூற்றில் 'பாழ்செய்தனை' என்றே பாடுகிறார்.