உங்கள் வீட்டுக் கேமராவை யார் பார்க்கப் போகிறார்கள்?

தொட்டிலுக்கு மேலே பொருத்தப்பட்ட கேமராவில் தொழிற்சாலை வைத்த கடவுச்சொல்லே மாறாமல் கிடப்பதை, வீட்டு நெட்வொர்க்குகளைச் சோதிக்கும் என் பணியில் இந்த மாதமும் கண்டேன். மாற்றும்படி சொன்னபோது, "நாங்கள் சாதாரண ஆட்கள், எங்களை யார் ஹேக் செய்யப் போகிறார்கள்?" என்ற அதே பதில்தான் வந்தது.

தயவுசெய்து இந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். உங்களை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. இணைய முகவரிகளை ஒன்றுவிடாமல் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இரவுபகலாக ஓடுகின்றன. திறக்கும் கதவு அமைச்சருடையதா ஆசிரியருடையதா என்று அவை பார்ப்பதில்லை. 2016இல் பரவிய மிராய் என்ற தீநிரல், 60க்கும் மேற்பட்ட தொழிற்சாலைக் கடவுச்சொற்களின் பட்டியலை வைத்துக்கொண்டே லட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் கைப்பற்றியது; அவற்றிலிருந்து ஒரே நேரத்தில் போலிக் கோரிக்கைகளைக் குவித்து அந்த அக்டோபரில் நடத்திய தாக்குதலில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களே தடுமாறின. அந்தக் கருவிகளை வாங்கியவர்களில் பெரும்பாலோர் தங்கள் கேமரா அதில் பங்கேற்றதை அறியாத சாதாரண ஆட்கள்தான்.

திருடன் வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்பதும் இல்லை. வீட்டில் எந்த நொடியில் எதைப் பார்க்கிறார்கள் என்பதை 1.1 கோடி தொலைக்காட்சிகளிலிருந்து உரிய சம்மதமின்றித் திரட்டியதாக எழுந்த வழக்கை முடித்துக்கொள்ள, அவற்றைத் தயாரித்த விசியோ நிறுவனமே 2017இல் அமெரிக்காவில் 22 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது.

வாங்கும்போது படத்தின் துல்லியத்தை விசாரிக்கும் அளவுக்கு, பாதுகாப்பு அப்டேட் எந்த ஆண்டு வரை வரும் என்பதையும் விசாரியுங்கள். பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல் இந்தக் காலத்தை அறிவிப்பது சட்டப்படி கட்டாயம். எளிதில் ஊகிக்கக்கூடிய பொதுக் கடவுச்சொல்லுடன் விற்பதற்கும் அங்கே தடை உண்டு. பெட்டியில் அச்சிட்டிருக்கும் 'ராணுவத் தரக் குறியாக்கம்' என்ற வரியை நான் பொருட்படுத்துவதே இல்லை. பதிவை வீட்டிலுள்ள மெமரி கார்டிலேயே வைக்க முடியுமா, நிறுவனத்தின் கிளவுட் கணக்கு இல்லாமல் கருவி இயங்குமா, மைக்கை அணைக்கத் தனிப் பொத்தான் உண்டா என்றுதான் பார்ப்பேன்.

வாங்கிய அன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள். கணக்கில் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் வசதியை) இயக்குங்கள். கேமராவையும் தொலைக்காட்சியையும் ரூட்டரின் கெஸ்ட் நெட்வொர்க்கில் (விருந்தினருக்கான தனி வைஃபையில்) இணைத்து, வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியிலிருந்து விலக்கி வையுங்கள். படுக்கையறையில் கேமரா வேண்டவே வேண்டாம். குழந்தைக்காக வைத்தே ஆக வேண்டுமென்றால், இணையத்தில் சேராமல் நேரடியாகத் திரைக்கு அனுப்பும் வகையை வாங்குங்கள். பழைய கருவியை யாருக்கேனும் கொடுக்கும்போது மெமரி கார்டைக் கழற்றிக்கொண்டு, ஃபேக்டரி ரீசெட் செய்து, உங்கள் கணக்கிலிருந்தும் அதை நீக்கிய பிறகே கொடுங்கள்.