தேர்வுக் காலமும் பிள்ளைகளின் உறக்கமும்

பொதுத் தேர்வு நெருங்கும் மாதங்களில் மனநல மருத்துவராகிய என்னிடம் பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோர் பலரும் சொல்லும் குறை ஒன்றுதான். “ராத்திரி ஒரு மணி வரைக்கும் படிக்கிறான் டாக்டர், நாலு மணிக்கு எழுப்பினாலும் எழுந்திருச்சிடுறான், ஆனா கொஸ்டின் பேப்பரைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோச்சுங்கிறான்.” நினைவாற்றலுக்கு டானிக் எழுதித் தரும்படி கேட்கிறார்கள். அந்த மூன்று மணி நேர உறக்கத்தைப் பற்றித்தான் நான் அவர்களிடம் பேச வேண்டியிருக்கிறது.

பகலில் படிக்கும் பாடம் முதலில் மூளையின் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியின் துணையோடு பதிகிறது. 1953-இல் வலிப்பு நோய்க்கான அறுவை சிகிச்சையில் இப்பகுதியின் பெரும்பங்கை இருபுறமும் இழந்த ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கர், 2008-இல் இறக்கும் வரை புதிய நிகழ்வுகளை நினைவில் இருத்த முடியாதவராகவே வாழ்ந்தார். ஆனால் அவருடைய இளமைக்கால நினைவுகள் பெரும்பாலும் அழியவில்லை. நாள்பட்ட நினைவுகள் மூளையின் மேலுறையான புறணியில் நிலைகொள்கின்றன என்பதை மருத்துவ உலகம் உணர்ந்துகொள்ள அவருடைய நிலை பெரிதும் உதவியது.

பதிந்தது அங்கே நிலைகொள்வதற்கான வேலையில் பெரும்பகுதி நாம் உறங்கும்போது நடக்கிறது. எலிகள் நடமாடியபோது அவற்றின் ஹிப்போகாம்பஸில் சேர்ந்து இயங்கிய நரம்பணுக்கள், அவை உறங்கியபோதும் மறுபடி சேர்ந்து இயங்கியதை வில்சன், மெக்நாட்டன் ஆகிய மூளை ஆய்வாளர்கள் இருவரும் 1994-இல் பதிவு செய்தார்கள். ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப்போட்டதை மாணவன் வீட்டுக்கு வந்து நோட்டில் எடுத்தெழுதுவது போல, பகலில் கற்றதை உறங்கும் மூளை மீண்டும் ஓட்டிப் பார்த்துப் புறணியில் எழுதிக்கொள்கிறது. ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாக அமையும் இரவு உறக்கத்தில், இதற்கு மிகவும் உதவும் ஆழ்ந்த உறக்கம் முற்பாதியிலும், கனவுகள் மிகுந்த உறக்கம் பிற்பாதியிலும் கூடுதலாக வருகின்றன. இரண்டுமே தேவை.

கண்விழிப்பதால் மறுநாள் படிப்பும் கெடுகிறது. உறக்க ஆய்வாளர் மேத்யூ வாக்கரின் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் இரவு முழுவதும் விழித்திருந்தவர்களுக்கு மறுநாள் படங்களைக் காட்டியபோது ஹிப்போகாம்பஸின் இயக்கம் குறைந்திருந்தது. போதிய உறக்கத்துக்குப் பின் அந்தப் படங்களை நினைவுகூரச் சொன்னபோதும் அவர்கள் பின்தங்கினார்கள். அதாவது சரியாகப் பதியாத பாடத்தை அடுத்த இரவின் உறக்கத்தாலும் மீட்க முடிவதில்லை.

விடியற்காலைப் படிப்பு நம் வீடுகளில் வழிவழியாக வருவது. அதை நான் குறைகூறவில்லை. ஆனால் 13 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என்பதால், ஐந்து மணிக்கு எழுப்ப நினைப்பவர்கள் இரவு ஒன்பது மணிக்குள் விளக்கை அணைத்தாக வேண்டும். பிளாஸ்கில் டீ ஊற்றி மேசைமேல் வைக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். டீயில் உள்ள காஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும்.

எட்டு மணி நேரம் படுத்திருந்தும் வகுப்பில் தூங்கி விழுகிற, வாய் திறந்து உறங்கிக் குறட்டை விடுகிற பிள்ளைகளும் உண்டு. டான்சிலோ, மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு என்னும் சதையோ வீங்கி மூச்சு தடைபடுவதால் அவர்களது உறக்கம் இரவில் பலமுறை கலைகிறது, அது அவர்களுக்கே தெரிவதில்லை. கவனமில்லாதவன் என்று கடிந்துகொள்ளும் முன் அவனைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். குணப்படுத்தக்கூடிய கோளாறுதான் அது.