லியோமயோசார்கோமா: பெருங்குடலின் வரியற்ற தசைப்புற்று

கிரேக்கத் துண்டுகளை ஒட்டிச் செய்த பெயர் இது. லெயோஸ் என்றால் வழுவழுப்பு. மூஸ் என்றால் தசை (எலிக்கும் அதே சொல்தான்). சார்க்ஸ் என்றால் சதை. ஓமா, கட்டியைக் குறிக்கும் விகுதி.

பெருங்குடல் சுவரில் கழிவைத் தள்ளிக்கொண்டு போகும் தசை நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாதது. கை, கால் தசைகளில் நுண்ணோக்கி காட்டும் குறுக்கு வரிகள் இதில் இல்லை. இந்தச் செல்களில் புற்று வந்தால் அதுதான் லியோமயோசார்கோமா. மிக அரிது. பெருங்குடல் புற்றுகளில் 90 விழுக்காட்டுக்கு மேல், உட்பூச்சில் இருக்கும் சுரப்பிச் செல்களில் தோன்றுகிற அடினோகார்சினோமாதான். அது நிணநீர்க் கணுக்களுக்கு எளிதில் பரவும். தசைப்புற்றோ பெரும்பாலும் இரத்தம் வழியாகக் கல்லீரலுக்கும் நுரையீரலுக்கும் போகிறது. முதன்மையான சிகிச்சை அறுவைதான்.

பழைய மருத்துவக் குறிப்புகளில் இந்தப் பெயரைப் பார்த்தால் அப்படியே நம்பிவிட வேண்டாம். 1998இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கிட் என்னும் மரபணுவின் மாற்றத்தைக் கண்டறிந்த பிறகு, முன்பு இந்தப் பெயரில் எழுதப்பட்ட குடல் கட்டிகளில் பல, ஜிஸ்ட் என்ற வேறு நோய் என்று தெரியவந்தது. ஜிஸ்டுக்கு இமாடினிப் மாத்திரை நன்றாக வேலை செய்யும், லியோமயோசார்கோமாவுக்குச் செய்யாது. அதனால் இப்போது திசுவைச் சாயமேற்றிப் பார்க்கிறார்கள்: டெஸ்மின் என்னும் தசைப் புரதம் இருந்து, கிட் புரதம் இல்லையென்றால் தசைப்புற்று.

சரி, தமிழில்? இந்த வரியற்ற தசைக்கு 'மென்தசை' என்ற சொல் உண்டு. ஆனால் லெயோஸ் மென்மை அல்ல, வழுவழுப்பு. தசை, கொழுப்பு போன்றவற்றைப் பொதுவாகக் குறிக்கும் 'மென்திசு' என்று இன்னொரு சொல்லும் இருப்பதால் குழப்பம் வேறு. இலங்கைப் பாடநூல்களின் 'மழமழப்பான தசை' மூலத்துக்கு நெருக்கம், பெயரில் வைத்தால்தான் நீளம். என் தேர்வு 'வரியற்ற தசைப்புற்று'. சார்க்ஸுக்குத் தனியாகச் 'சதை' சேர்க்க வேண்டாம். பழந்தமிழில் தசை என்றாலே ஊன்தான், இரண்டு கிரேக்கச் சொற்களையும் அது ஒன்றே தாங்கிவிடும்.

'தசைக்கட்டி' என்று மட்டும் எழுதக் கூடாது. அது லியோமயோமா, புற்றல்லாத கட்டி. கருப்பையில் பல பெண்களுக்கு வரும் நார்க்கட்டி அந்த வகைதான்.