ஆர்பிஎம்: நிமிடச் சுற்றும் நிமிடச் சுழற்சியும்

ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் ரத வீதியைச் சுற்றி வருகிறது. பம்பரம் நின்ற இடத்திலேயே சுழல்கிறது. இவ்விரண்டையும் நாம் மாற்றிச் சொல்வதில்லை. திருநெல்வேலி பொருட்காட்சியில், சுற்றும் மேடைமேல் கிண்ண இருக்கைகளும் சுழலும் கப் சாசர் ராட்டினத்தின் பக்கம் வந்துவிட்டால் மட்டும் இரண்டுக்கும் ‘ஆர்பிஎம்’ என்று ஒரே பேர். கணக்குத் தப்புவது இங்கேதான்.

‘ரெவல்யூஷன்ஸ் பெர் மினிட்’ என்பதன் முதலெழுத்துகள் இவை. ரெவல்யூஷன் ‘ரெவொல்வெரே’ என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. திரும்ப உருட்டுதல் என்று பொருள். ஆர்பிஎம் என்பது நிமிடத்துக்கு எத்தனை தடவை என்ற எண்ணிக்கைதான், வேகம் அல்ல. வேகம் வேண்டுமென்றால் ஆரம் வேண்டும்: ஆர்பிஎம் × ஆரம் (மீட்டரில்) × 0.1047 = விநாடிக்கு இத்தனை மீட்டர்.

கிண்ணம் மேடையின் நடுத்தூணைச் சுற்றுகிறது. அது நிமிடச் சுற்று. தன் அச்சில் சுழலவும் செய்கிறது. அது நிமிடச் சுழற்சி. இப்படிப் பிரித்துச் சொல்வதே சரியான தமிழ்.

ஒரு கணக்கு பார்ப்போம். தூணிலிருந்து கிண்ணத்தின் நடு வரை 4 மீட்டர், மேடை நிமிடத்துக்கு 10 சுற்று. கிண்ண நடுவிலிருந்து இருக்கை 0.8 மீட்டர், மேடையை வைத்துப் பார்த்தால் 20 சுழற்சி, மேடை ஓடும் அதே திசையில். மேடையும் கிண்ணத்தைத் திருப்புவதால் தரையிலிருந்து பார்க்க அது 30 சுழற்சி. சுற்றால் வருவது 4.19, சுழற்சியால் வருவது 2.51. தூணுக்கு மிகத் தள்ளி இருக்கை வரும்போது இரண்டும் கூடி விநாடிக்கு 6.70 மீட்டர், அதாவது மணிக்கு 24 கிலோமீட்டர். தூணை ஒட்டி வரும்போது ஒன்றில் ஒன்று கழிந்து 1.68, மணிக்கு 6 கிலோமீட்டர்தான். பிள்ளைகள் ‘விசுக்’கென்று இழுபடுவதும் உடனே தளர்வதும் இதனால்தான். ‘திசைவேகம்’ என்ற பாடநூல் சொல் எவ்வளவு பொருத்தம் பாருங்கள்: திசை பார்க்காமல் கூட்டவே முடியாது.

பலர் 10, 20 இரண்டையும் கூட்டி, 4.8 மீட்டரால் பெருக்கிவிடுகிறார்கள். மணிக்கு 54 கிலோமீட்டர் வரும். உண்மையைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். இன்னொரு பிழை, 30 போட வேண்டிய இடத்தில் 20 போடுவது. அப்போது 21 கிலோமீட்டர் என்று குறைந்து வரும். கிண்ணம் எதிர்த்திசையில் சுழன்றால் 20இலிருந்து 10ஐக் கழிக்க வேண்டும்.

மோட்டார் தகட்டில் 1440 என்று இருப்பதை எடுத்துப் போடக் கூடாது. அது மோட்டார் தண்டின் எண்ணிக்கை. கியர்பாக்ஸ் அதைப் பல மடங்கு குறைத்துத்தான் மேடைக்குத் தருகிறது.

எண்ணிக்கையை வேலிக்கு வெளியே நின்றே எடுக்கலாம். ஒரு கிண்ணத்தில் சிவப்பு ரிப்பன் கட்டுங்கள். ராட்டினம் முழு வேகம் பிடித்த பிறகு, அந்தக் கிண்ணம் 10 சுற்று வர ஆகும் விநாடிகளை எடுத்து 600ஐ அதால் வகுத்தால் நிமிடச் சுற்று. ஒரே சுற்றை அளந்தால் கைத்தாமதமே கணக்கைக் கெடுத்துவிடும். ஒரு நிமிடத்தில் ரிப்பன் நடுத்தூணைப் பார்க்கும் தடவைகளை எண்ணினால் கிடைப்பது 20. அது கிழக்கைப் பார்க்கும் தடவைகளை எண்ணினால் நேராகவே 30.