ரோகிணி நட்சத்திரத்தின் வேகத்தை எப்படி அளக்கிறார்கள்?

முகத்துவாரத்திலிருந்து இயந்திரப் படகில் கடலுக்குப் போனவர்களுக்கு ஒரு விடயம் உடம்பாலேயே தெரியும். வெளியே போகும்போது அலைகள் அணியத்தில் படபடவென்று மோதும். கரைக்குத் திரும்பும்போது அதே அலைகள் ஆறுதலாக வந்து படகைத் தூக்கிவிடும். கடல் மாறவில்லை, படகின் திசைதான் மாறியது.

ஒளிக்கும் இதே கதைதான். நெருங்கி வரும் நட்சத்திரத்தின் ஒளியலைகள் நெருக்கமாகவும், விலகிப் போவதன் அலைகள் இடைவெளிவிட்டும் நம்மை வந்தடைகின்றன. இதுவே தொப்ளர் விளைவு.

பெப்ரவரித் தொடக்கத்தில், மழை விட்ட ஓர் இரவில், ஏழு மணிக்கு மட்டக்களப்பில் நின்று அண்ணாந்து பாருங்கள். ஏறத்தாழ உச்சியில் செம்மஞ்சளாகத் தெரிவது ரோகிணி. சூரியனைவிட்டு வினாடிக்கு 54 கிலோமீற்றர் வேகத்தில் அது விலகிக்கொண்டிருக்கிறது. ஆனால் அதன் சிவப்புக்கு அந்த ஓட்டம் காரணமல்ல. அதன் மேற்பரப்பு சூரியனைவிட வெப்பம் குறைந்தது, அதனால்தான் அந்த நிறம். ‘விலகும் நட்சத்திரம் சிவப்பாகத் தெரியும்’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதை நாம் நிறுத்த வேண்டும்.

வேகத்தைக் காட்டிக்கொடுப்பவை கோடுகள். நட்சத்திர ஒளியை நிறமாலையாக விரித்தால் நிறங்களுக்கு நடுவே மெல்லிய கறுப்புக் கோடுகள் தெரியும். நட்சத்திரத்தின் வெளிப்படலத்தில் உள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய அலைநீளங்களை உறிஞ்சிவிட்ட தடங்கள் அவை. சோடியத்துக்கு மஞ்சளில் இரட்டைக் கோடு உண்டு: 589.0, 589.6 நனோமீற்றர். ரோகிணியின் நிறமாலையில் இரண்டும் தலா 0.107 நனோமீற்றர் சிவப்புப் பக்கம் தள்ளி நிற்கின்றன. அந்த இரு கோடுகளுக்கும் இடையிலுள்ள தூரத்தில் ஆறில் ஒரு பங்கை விடச் சற்றுக் கூட, அவ்வளவுதான். இந்த நகர்வை அலைநீளத்தால் வகுத்து, ஒளியின் வேகமான வினாடிக்கு 299,792 கிலோமீற்றரால் பெருக்கினால் 54 வரும். நம் பார்வைக்கோட்டின் வழியே உள்ள இந்த வேகம்தான் ஆரை வேகம். நட்சத்திரம் குறுக்கே ஓடுவதை இது காட்டாது.

1868இல் ஆங்கிலேய வானியலாளர் வில்லியம் ஹக்கின்ஸ், படம் பிடிக்காமல், நிறமாலைக் கருவி வழியே கண்ணால் பார்த்தே கோடுகளை ஒப்பிட்டு சிரியஸ் நட்சத்திரத்தை அளந்தார். அது விலகுவதாக முடிவு செய்தார். உண்மையில் அது வினாடிக்கு ஐந்தரைக் கிலோமீற்றர் வேகத்தில் நெருங்கிவருகிறது. ஆனாலும் வழியைத் திறந்தவர்களில் அவர் முக்கியமானவர்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனித்தான். அளக்கும் நாமும் ஒரு படகில்தான் இருக்கிறோம். பூமி சூரியனைச் சுற்றி வினாடிக்கு 30 கிலோமீற்றர் ஓடுகிறது. செப்டெம்பர் தொடக்கத்தில் ரோகிணியை நோக்கிப் போகிறோம். அப்போது கருவி ஏறத்தாழ 24 என்று காட்டும். மார்ச் தொடக்கத்தில் விலகி வருகிறோம், அப்போது 84. நம் ஓட்டத்தைக் கழித்தால்தான் இரண்டும் 54 ஆகும். பூமி தன்னைத்தானே சுற்றுவதையும் விட முடியாது. கல்லடிக் கடலுக்கு மேலே ரோகிணி உதிக்கும்போது, அசையாமல் மணலில் நிற்பவரையும் பூமி வினாடிக்கு 400 மீற்றருக்கும் கூடுதலான வேகத்தில் அதை நோக்கிக் கொண்டுசெல்கிறது.

1995இல் சுவிற்சர்லாந்து வானியலாளர்கள் மிஷெல் மேயரும் டிடியே கெலோவும் 51 பெகாசி நட்சத்திரத்தில் கண்டுபிடித்த தள்ளாட்டமோ வினாடிக்கு வெறும் 55 மீற்றர் அளவுதான். கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் நான்கு நாட்களுக்கு ஒருமுறை அதைச் சுற்றி இழுத்தது. ஆயிரக்கணக்கான கோடுகளை ஒன்றுசேர்த்து ஒப்பிட்டதால் அது பிடிபட்டது. 2019இல் நோபல் பரிசும் கிடைத்தது. பூமி சூரியனை இழுத்தாட்டுவது வினாடிக்கு 9 சென்ரிமீற்றர். நட்சத்திரங்களின் மேற்பரப்பே அதைவிடப் பன்மடங்கு வேகத்தில் கொதித்து எழுந்து அமிழ்கிறது. பூமி போன்ற கோள்களைத் தேட, அந்தக் கொதிப்புக்குள் 9 சென்ரிமீற்றரைப் பிரித்தெடுக்கத்தான் இன்று போராடுகிறார்கள்.